ஹெமின் அகரோஸ் மணிகள்: பி53 வேலைக்கு எவ்வளவு நம்பலாம்?

கட்டிகளைத் தடுக்கும் பி53 புரதத்தில் ஹீம் (நடுவில் இரும்பு உள்ள போர்ஃபிரின் வளையம்) ஒட்டுகிறதா என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்கிப்போடுவது ஹெமின் அகரோஸ் மணிகளைத்தான். சின்னப் புட்டி, ஹீமின் ஆக்சிஜனேறிய வடிவமான ஹெமினைப் பூட்டிய கரும்பழுப்பு மணிகள். செல் லைசேட்டோடு (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) ஒரு மணி நேரம் சுழலவிட்டு, கழுவி, ஜெல்லில் ஓட்டினால் பி53ன் பேண்ட் (பட்டை) வந்துவிடும். பேண்ட் வரவைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. வந்த பேண்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கும்போதுதான் தலைவலி தொடங்கும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். அந்த மூன்றும் கன்ட்ரோல்களை, அதாவது ஒப்பீட்டுச் சோதனைகளை, சரியாக வைக்கிறவருக்கு மட்டும். ஹீம் எங்கே ஒட்டுகிறது, ஒட்டினால் பி53 என்ன ஆகிறது என்ற கேள்விகளுக்கு மணியிடம் பதில் கிடையாது. அதற்கு அதே ஹெமினைத் தூளாக வாங்கி, கரைத்து, வேறு கருவிகளில் வேலை செய்யவேண்டும். அதனால் தூளையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

பி53 ஏன் இந்த மணிகளுக்கு ஒரு முரட்டு வாடிக்கையாளர் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 393 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் இது. நான்கு பிரதிகள் ஒன்றுசேர்ந்துதான் டிஎன்ஏவைப் பிடிக்கும். பிடிக்கும் வேலையைச் செய்வது நடுப்பகுதி, ஏறத்தாழ 94 முதல் 292 வரை. இந்தப் புரதத்தில் மொத்தம் பத்து சிஸ்டீன்கள். பத்தும் இந்த நடுப்பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. 176, 238, 242 ஆகிய மூன்று சிஸ்டீன்கள் 179ஆம் ஹிஸ்டிடினோடு சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துவைத்திருக்கின்றன. அந்தத் துத்தநாகம் கழன்றால் மடிப்பு தளர்ந்துவிடும். கழலாமல் இருந்தாலும் இது ஒன்றும் உறுதியான புரதம் இல்லை. தனித்த நடுப்பகுதி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே உருக்குலையத் தொடங்கும்; 37 டிகிரியில் நிமிடக் கணக்கில்தான் தாக்குப்பிடிக்கும்.

ஹீமில் இருக்கும் இரும்புக்குச் சிஸ்டீனின் கந்தகத்தின் மேல் ஒரு கண். அந்தச் சிஸ்டீனுக்கு அடுத்ததாகப் புரோலின் வந்தால் இன்னும் வசதி. ஹீமை நிலையாக வைத்திருக்காமல், அதன் அளவை உணர்ந்து நடந்துகொள்ளும் பல புரதங்களில் இந்தச் சிஸ்டீன்-புரோலின் ஜோடியைப் பார்க்கலாம். பாக்1 என்ற புரதம் அதற்கு நல்ல உதாரணம். பி53ல் இந்த ஜோடி இரண்டு இடங்களில் வருகிறது: 141-142, 277-278. முதல் இடம் ஒரு பீட்டா இழையின் தொடக்கத்தில், மடிப்புக்குள் புதைந்து கிடக்கிறது. இரண்டாவது இடம்தான் வில்லங்கமானது. டிஎன்ஏவின் பெரும்பள்ளத்துக்குள் நுழையும் சுருள் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 277ஆம் சிஸ்டீனே டிஎன்ஏ காரத்தைத் தொடுகிறது. பக்கத்திலேயே 280ஆம் ஆர்ஜினின் குவானினைப் பிடிக்கிறது. தட்டையான, அகலமான ஒரு போர்ஃபிரின் வளையம் அந்த வாசலில் வந்து உட்கார்ந்தால் டிஎன்ஏ உள்ளே வர வழியில்லை.

2014ல் செல் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு இந்த விஷயத்துக்கு ஒரு உருவம் கொடுத்தது. செல்லில் இரும்பு மிகுந்தால் பி53 குறைகிறது. ஹீம் நேரடியாக பி53ல் ஒட்டி, அதன் டிஎன்ஏ பிடியைக் குலைக்கிறது. பி53 உட்கருவை விட்டு வெளியேறி சைட்டோசாலில் சிதைக்கப்படுகிறது. இரும்பைப் பறித்தால் கட்டி வளர்ச்சி ஒடுங்குகிறது, ஆனால் இயல்பான பி53 இருக்கும் கட்டிகளில்தான். அதன் பிறகு பி53 பக்கம் இந்த மணிகளோடு வருகிறவர்கள் பலரும் இதே வரிசையைத் தங்கள் செல்லிலோ, தங்களிடம் உள்ள திரிந்த பி53லோ சரிபார்க்க நினைப்பவர்கள். அந்த வேலைக்கு மணி எவ்வளவு உதவும் என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி.

மணியை நெருங்கிப் பார்க்கலாம். ஹீம் வளையத்தின் ஒரு ஓரத்தில் இரண்டு புரோப்பியோனேட் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர்கள் அந்தக் கையைப் பிடித்துத்தான் அகரோஸில் உள்ள அமீனோடு அமைடு பிணைப்பாகக் கட்டுகிறார்கள். ஹீமை முழுசாக விழுங்கி, புரோப்பியோனேட்டுகளை உள்ளே பூட்டிக்கொள்ளும் புரதங்களுக்கு இது இடைஞ்சல். பி53 அப்படிப்பட்டதல்ல. மேற்பரப்புச் சிஸ்டீன் வழியாக இரும்பைத் தொடும் வகை என்பதால் கை கட்டப்பட்டிருந்தாலும் முகம் திறந்திருக்கிறது. இந்த இடத்தில் மணிக்கு ஒரு நல்ல பெயர் கொடுத்தே ஆகவேண்டும்.

அதே அமைப்பில்தான் முதல் பொறியும் இருக்கிறது. மணியின் மேற்பரப்பில் ஹெமின் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பி53 நான்கு பிரதிகளாகச் சேர்ந்து வருகிறது. ஒரு கை விட்டால் இன்னொரு கை பிடித்துக்கொள்ளும். அதனால் தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமான பிணைப்புகூட மணியில் இரும்புப்பிடி மாதிரித் தெரியும். செல்லுக்குள் கட்டுப்படாமல் புழங்கும் ஹீமின் அளவோ நானோமோலார் கணக்கில்தான். பேண்டின் தடிமனைப் பார்த்து பிணைப்பு வலு என்று யாராவது எழுதினால், அந்த வரியை அடித்துவிடலாம். நான்கு கைகளின் பங்கு எவ்வளவு என்று தெரிய, முழு நீள பி53ஐயும் நான்காகச் சேராத தனித்த நடுப்பகுதியையும் ஒரே நாளில் ஒரே மணியில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. நடுப்பகுதி கழுவும்போதே போய்விட்டு, முழு நீளம் மட்டும் தங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

வேலை முறை இது. மணிகளை எடுக்க நுனி வெட்டிய பிப்பெட் வேண்டும், இல்லாவிட்டால் மணிகள் அடைத்து, ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு அளவு விழும். ஒரு மாதிரிக்கு அடியில் படிந்த மணி 20 மைக்ரோலிட்டர் போதும். அதை 1 மில்லிலிட்டர் பஃபரில் மூன்று நான்கு தடவை கழுவவேண்டும். 25 மில்லிமோலார் ஹெப்பஸ், பிஎச் 7.4, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 0.1 சதவீதம் ட்ரைட்டன் என்ற பஃபர் சரிவரும். 500 ஜி வேகத்தில் ஒரு நிமிடம் சுற்றினால் போதும்; அதற்கு மேல் போனால் மணிகள் நசுங்கும். கழுவிய நீரை வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. 400 நானோமீட்டரில் அதன் ஒளி உறிஞ்சல் பஃபரின் அளவுக்கு இறங்கும் வரை கழுவவேண்டும். வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் லேசான தேநீர் நிறம் தெரிந்தாலும் கட்டுப்படாத ஹெமின் இன்னும் கழன்று வருகிறது என்று பொருள். நாள்பட்ட புட்டிகளில் இந்தக் கசிவு அதிகம்.

லைசேட் என்றால் 500 மைக்ரோலிட்டரில் 300 முதல் 500 மைக்ரோகிராம் புரதம். சுத்தம் செய்த பி53 என்றால் 1 முதல் 2 மைக்ரோகிராம். 4 டிகிரியில் ஒரு மணி நேரம் சுழற்சி. இரவு முழுக்க விடுவதில் லாபமில்லை. பி53 அதற்குள் குலைந்து, குலைந்த புரதம் மணியில் ஏறும். பிறகு உப்பை 300 மில்லிமோலாருக்கு ஏற்றி நான்கு கழுவல். கடைசியாக இரட்டைச் செறிவு எஸ்டிஎஸ் மாதிரி பஃபர் 40 மைக்ரோலிட்டர் விட்டு, 95 டிகிரியில் ஐந்து நிமிடம். இந்தக் கட்டத்தில் மட்டும் டிடிடி (சிஸ்டீன்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் டைதயோதிரைட்டால்) இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

மட்டும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பி53 வேலை செய்கிறவர்கள் எல்லா பஃபரிலும் டிடிடி ஊற்றிப் பழகியவர்கள். பத்து சிஸ்டீன் உள்ள புரதத்துக்கு அது மருந்து மாதிரி. ஆனால் டிடிடியும் சிஸ்டீனைப் போலக் கந்தகம் உள்ள ஒரு தயோல்தான். 1 மில்லிமோலார் டிடிடி இருக்கும் குழாயில் 5 மைக்ரோமோலார் ஹெமினைப் போட்டால், பி53ன் ஒரு சிஸ்டீனோடு போட்டிபோட 200 மடங்கு தயோல் வரிசையில் நிற்கிறது. அது இரும்பைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும், ஒடுக்கவும் செய்யும். விளைவு, உண்மையிலேயே இருக்கும் பிணைப்பு கண்ணில் படாமல் போகும். டிடிடியே இல்லாமல் விட்டாலும் ஆபத்து: சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பிணைப்புக்கான கந்தகமே காணாமல் போகும். நடுவழி ஒன்று உண்டு. டிடிடியோடு சேமித்த பி53ஐ, சோதனைக்குச் சற்று முன், சின்ன உப்புநீக்கக் குழலில் ஓட்டி டிடிடி இல்லாத, காற்று நீக்கிய பஃபருக்கு மாற்றி, ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுவது. வேறொரு காரணத்தால், உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏவும் பஃபரில் இருக்கக்கூடாது. அது ஹீமில் உள்ள இரும்பைப் பிடுங்காது, ஆனால் பி53ன் துத்தநாகத்தைப் பிடுங்கும். லைசிஸ் பஃபரில் போடும் புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரைகளில் ஈடிடிஏ கலந்ததும் உண்டு, கலக்காததும் உண்டு. லேபிளைப் பார்த்து எடுக்கவேண்டும்.

இன்னொரு பழக்கதோஷம் ஆல்புமின். மணியில் வீணாக ஒட்டுவதைத் தடுக்க மாட்டு ஆல்புமினைப் பூசுவது மற்ற மணிகளில் சரி. ஹெமின் மணியில் அது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் வேலை. ஆல்புமின் ஹெமினை விரும்பிப் பிடிக்கும் புரதம். பூச்சு என்று போட்டது மணியை முழுக்க மூடிவிடும்.

இனி கன்ட்ரோல்கள். வெறும் அகரோஸ் மணி, ஹெமின் இல்லாதது, கட்டாயம். அதுவும் அதே இணைப்புக் கை உள்ளதாக இருந்தால் சிறப்பு. கூடவே ஹெமின் மணி மட்டும், லைசேட் இல்லாமல். இந்த இரண்டாவது கன்ட்ரோலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? ஹெமினுக்கே பெராக்சிடேஸ் குணம் உண்டு. ஆன்டிபாடியால் புரதத்தை ஒளிரவைத்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் லூமினாலும் பெராக்சைடும் ஊற்றியதும், ஆன்டிபாடியே இல்லாமல் ஹெமின் தானாக ஒளிவிடும். மணியிலிருந்து கழன்ற ஹெமினில் பெரும்பகுதி சாயத்தோடு ஜெல்லின் அடிக்குப் போய்விடும் என்றாலும், புரதங்களோடு ஒட்டி மேலே தீற்றலாக நிற்பதும் உண்டு. லைசேட் இல்லாத பாதையிலும் ஒளி தெரிந்தால் அது பி53 இல்லை. இதைத் தவிர்க்க எளிய வழி ஒளிரும் சாயம் பூட்டிய இரண்டாம் ஆன்டிபாடிக்கு மாறுவது. முதல் ஆன்டிபாடியாக டிஓ-1 நல்லது. அது பிடிக்கும் இடம் புரதத்தின் தலைப்பக்கம், 20 முதல் 25 வரை. ஹீம் ஒட்டும் இடத்துக்கு வெகு தூரம்.

போட்டிச் சோதனையைத்தான் மதிப்பாய்வாளர்கள் கேட்பார்கள்: லைசேட்டில் முன்னதாகக் கரைந்த ஹெமினைச் சேர்த்தால், மணியில் பேண்ட் மங்குகிறதா? மங்கும். 50 மைக்ரோமோலார் போட்டால் அழகாக மங்கும். அந்த அழகில் மயங்கக்கூடாது. நடுநிலை பிஎச்சில் ஹெமின் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் சரக்கு. திரளும்போது பி53ஐயும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். மணிக்குப் போக பி53 மிச்சமே இல்லாததால்தான் பேண்ட் மங்கியது என்றால், அதைப் போட்டி என்று சொல்லமுடியாது. எனவே ஹெமின் சேர்த்து 15 நிமிடம் கழித்து, மணி போடுவதற்கு முன், 16,000 ஜியில் பத்து நிமிடம் சுற்றி, மேல்நீரில் பி53 அப்படியே இருக்கிறதா என்று ஒரு பாதை ஓட்டவேண்டும். கூடவே இரும்பில்லாத புரோட்டோபோர்ஃபிரின் 9 கொண்டும் அதே போட்டியை நடத்தவேண்டும். அதுவும் அதே அளவுக்கு பேண்டைக் குறைத்தால், பிணைப்பு இரும்பு-கந்தகம் வழியாக நடக்கவில்லை, வளையத்தின் எண்ணெய்ப்பிசுக்குக் குணத்தால் நடக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் தாண்டி நிற்கும் கன்ட்ரோல் 277ஐ அலனினாக மாற்றிய பி53. 141ஐ மாற்றியதையும், 275ஐ மாற்றியதையும் பக்கத்தில் ஓட்டவேண்டும். 275 பக்கத்து வீட்டுச் சிஸ்டீன் என்பதால் அதன் பங்கை ஒதுக்கமுடியாது. மணி உண்மையிலேயே உதவும் வேலை இதுதான்: ஏழெட்டு மாற்றுருக்களை ஒரே மதியத்தில் வரிசைப்படுத்திப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. மடிப்பு குலைந்த பி53ல் பத்து சிஸ்டீன்களும் வெளியே வந்துவிடும், 141 உட்பட. ஆர்175ஹெச் (175ஆம் ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறியது) போன்ற, துத்தநாகத்தை இழக்கும் திரிபுகள் மணியில் இயல்பான பி53ஐவிடத் தடித்த பேண்ட் கொடுத்தால், திரிந்த புரதம் ஹீமை அதிகம் விரும்புகிறது என்று தலைப்பு போட்டுவிடக்கூடாது. குலைந்த புரதம் எதிலும் ஒட்டும்.

மணியைப் பற்றிய பேச்சை இங்கே நிறுத்திவிட்டுத் தூளுக்குப் போகலாம். உண்மையான தகவல் இதிலிருந்துதான் வருகிறது.

ஹெமின் தூள் என்பது ஃபெரிக் புரோட்டோபோர்ஃபிரின் 9 குளோரைடு, மூலக்கூறு எடை 651.94. 6.5 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் ஏறத்தாழ 10 மில்லிமோலார். ஏறத்தாழ என்பதை மறக்கக்கூடாது. கருங்காப்பி நிறத்தில் கலங்காமல் தெரியும் கரைசலில்கூடக் கரையாத துகள் நிறைய இருக்கும். பத்து நிமிடம் கலக்கி, 16,000 ஜியில் சுற்றி, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விட்டு, பிறகு அளக்கவேண்டும். அதே ஹைட்ராக்சைடில் ஆயிரம் மடங்கு நீர்த்து 385 நானோமீட்டரில் வைத்தால், மில்லிமோலாருக்கு 58.4 என்ற கணக்கில், 10 மில்லிமோலார் கரைசல் 0.58 காட்டவேண்டும். 0.4 காட்டினால் கரைசலின் உண்மையான செறிவு 7 மில்லிமோலாருக்குக் கீழே. எடைபோட்டதை நம்பிக் கணக்கிடுகிறவர்களின் பிணைப்பு விகிதம் ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றுக்கு ஒன்றே முக்கால் என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சந்தேகம் இருந்தால் பிரிடின் ஹீமோகுரோமோஜன் முறையில் சரிபார்க்கலாம்: காரக் கரைசலில் பிரிடின், பிறகு ஒரு சிட்டிகை டைதயோனைட், 557 நானோமீட்டர் உச்சிக்கு மில்லிமோலாருக்கு 34.7. ஒரு அளவீட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, நாற்றம் மட்டும் பொறுக்கவேண்டும், புகைக்கூண்டுக்குள் செய்யவேண்டும்.

காரக் கரைசல் அன்றைக்கே தீர்ந்துவிடவேண்டும், வெளிச்சம் படாமல். டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்தால் ஹெமின் தனித்தனியாக நிற்கும், திரளாது. ஆனால் இறுதிக் கலவையில் அது 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு முறையிலும் செய்து ஒரே விடை வந்தால் நிம்மதி. ஹெமின் பிளாஸ்டிக்கிலும் குவார்ட்ஸிலும் ஒட்டும். குவெட்டை ஒவ்வொரு தடவையும் 0.1 நார்மல் ஹைட்ராக்சைடால் கழுவாவிட்டால் அடுத்த மாதிரி முந்தின மாதிரியின் நிறத்தைச் சுமக்கும்.

நிறமாலைச் சோதனையில் இரண்டு குவெட்டுகள். ஒன்றில் 5 மைக்ரோமோலார் பி53 நடுப்பகுதி, மற்றதில் வெறும் பஃபர். இரண்டிலும் ஹெமினை 0.5 மைக்ரோமோலார் படிகளில் சேர்த்து, ஒவ்வொரு படிக்கும் ஐந்து நிமிடம் காத்திருந்து, 300 முதல் 700 நானோமீட்டர் வரை வாசித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவேண்டும். நீரில் தனியாக இருக்கும் ஹெமினின் ஒளி உறிஞ்சல் உச்சி 385 சுற்றுவட்டாரத்தில், அகலமாக, மொட்டையாக இருக்கும். சிஸ்டீன் கந்தகம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இரும்பைப் பிடித்தால், ஐந்து பிணைப்பு நிலையில், உச்சி 370க்குப் பக்கம் நகரும். 650 சுற்றி ஒரு சின்னத் திமில் எழும். மறுபக்கத்திலிருந்து ஹிஸ்டிடினும் சேர்ந்தால் 420 பக்கம் போகும். சிஸ்டீன்-புரோலின் ஜோடியில் ஒட்டும் ஹீமின் கைரேகை அந்த 370. மணியில் தடித்த பேண்ட் கிடைத்து, நிறமாலையில் 370 வராமல், 400ஐச் சுற்றி கலங்கலாக ஏறிக்கொண்டே போனால் மணி பொய் சொல்லியிருக்கிறது. 277 மாற்றுருவில் 370 மறைந்தால், அதுவே ஒரு கட்டுரைக்கான படம்.

டிரிப்டோஃபன் ஒளிர்வு குறைவதை வைத்துப் பிணைப்பை அளக்கும் வழக்கம் இருக்கிறது. பி53 நடுப்பகுதிக்கு அது சுத்தமாகப் பொருந்தாது. அதில் இருப்பது ஒரே ஒரு டிரிப்டோஃபன், 146ல். மடிந்த நிலையில் அதன் ஒளி ஏற்கெனவே அணைந்துதான் இருக்கும். தெரிவதெல்லாம் 305 பக்கத்தில் டைரோசின் ஒளி. குலைந்தால்தான் 350ல் டிரிப்டோஃபன் பளிச்சென்று வரும். போதாக்குறைக்கு ஹெமின் அந்த அலைநீளங்கள் எல்லாவற்றையும் தானே விழுங்கும். எதுவும் ஒட்டாவிட்டாலும் ஒளிர்வு குறையும். திருத்தக் கணக்குப் போடலாம், ஆனால் 10 மைக்ரோமோலாருக்கு மேல் திருத்தமே அளவீட்டைவிடப் பெரிதாகிவிடும். சைப்ரோ ஆரஞ்சு சாயத்தோடு செய்யும் உருகுநிலைச் சோதனைக்கும் இதே கதி. ஹெமின் சாயத்தின் ஒளியை அணைத்து, வளைவைத் தட்டையாக்கிவிடும்.

அமைப்பு குலைகிறதா என்று பார்க்க நம்பகமான வழி பழைய வழிதான்: இரண்டு ஆன்டிபாடிகள். பிஏபி1620 மடிந்த பி53ஐ மட்டும் பிடிக்கும். பிஏபி240 குலைந்ததை மட்டும் பிடிக்கும். அது பிடிக்கும் 212 முதல் 217 வரையான துண்டு மடிந்த நிலையில் உள்ளே ஒளிந்திருக்கும். ஹெமின் சேர்த்த பி53ஐ 1620 தொடர்ந்து பிடித்து, 240 பிடிக்காமல் விட்டால், ஹீம் வாசலை அடைத்திருக்கிறது, வீட்டை இடிக்கவில்லை. 240 பிடிக்கத் தொடங்கினால் வீடும் சரிகிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத கட்டுரையில், ஹீம் பி53ன் வேலையைத் தடுக்கிறது என்ற வரிக்கு எடை குறைவு. வட்ட இருநிற ஆய்வுக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இன்னொரு அனுகூலம்: தனி ஹெமினுக்கு இடம்-வலம் பேதம் கிடையாது, அதனால் 400 நானோமீட்டர் வட்டாரத்தில் அதற்குச் சமிக்ஞை இல்லை. புரதத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் அமர்ந்தால்தான் அங்கே சமிக்ஞை எழும். திரளாக ஒட்டியதா, இடம் பார்த்து உட்கார்ந்ததா என்பதற்கு இது நேரடிச் சாட்சி.

டிஎன்ஏ பிடியைப் பார்க்க ஜெல் நகர்வுச் சோதனை. பி21 மரபணுவில் பி53 பிடிக்கும் தளத்தின் டிஎன்ஏ, ஒளிர் சாயம் பூட்டியது, 5 நானோமோலார், பி53 20 முதல் 50 நானோமோலார், ஹெமின் 0.5 முதல் 20 மைக்ரோமோலார் வரை, அறை வெப்பத்தில் 20 நிமிடம், 4 சதவீத இயல்நிலை ஜெல். ஜெல் பஃபரிலிருந்து ஈடிடிஏவை நீக்கிவிட்டு ஓட்டவேண்டும். இங்கே சேர்க்கும் வரிசைதான் எல்லாமே. ஒரு தொகுதியில் ஹெமினும் பி53ம் முதலில், டிஎன்ஏ பிறகு. இன்னொரு தொகுதியில் டிஎன்ஏவும் பி53ம் முதலில், ஹெமின் பிறகு. 277தான் இலக்கு என்றால், டிஎன்ஏ ஏற்கெனவே பிடித்துவைத்த பி53ல் அந்தச் சிஸ்டீன் மறைந்திருக்கும். இரண்டாம் தொகுதியில் ஹெமினின் பாதிப்பு வெகுவாகக் குறையவேண்டும். இரண்டு தொகுதியிலும் ஒரே மாதிரி பேண்ட் மறைந்தால், ஹெமின் புரதத்தைத் திரட்டிக் கிணற்றடியில் உட்காரவைத்திருக்கிறதா என்று ஜெல்லின் மேல் விளிம்பைப் பார்க்கவேண்டும். அங்கே சாயம் பளபளத்தால் விடை கிடைத்துவிட்டது. பி53க்குச் சம்பந்தமில்லாத, சிஸ்டீன்-புரோலின் ஜோடி இல்லாத டிஎன்ஏ பிடிக்கும் புரதம் ஒன்றையும் பக்கத்தில் ஓட்டுவது நல்லது. 277 மாற்றுருவை இங்கே பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அந்தச் சிஸ்டீன் டிஎன்ஏவைத் தொடும் இடம் என்பதால் மாற்றுருவின் பிடியே அடிப்படையில் மாறியிருக்கலாம். ஹெமின் இல்லாத அளவை முதலில் எடுத்து, அதற்கு ஒப்பிட்டுத்தான் பேசவேண்டும்.

செல்லில் ஹெமின் ஊற்றும் சோதனைக்குத் தூளை வாங்குகிறவர்களுக்குச் சுருக்கமாக. 10 சதவீத சீரம் உள்ள ஊடகத்தில் ஆல்புமின் மட்டுமே 30, 40 மைக்ரோமோலார் அளவில் இருக்கும். 10 மைக்ரோமோலார் ஹெமின் அதில் போன இடம் தெரியாது. சீரத்தைக் குறைத்தால் அதே 10 மைக்ரோமோலார் செல்லைக் கொல்லவும் கூடும். செல் தாங்கினாலும் ஹீம் ஆக்சிஜனேஸ் சில மணி நேரங்களில் தலையெடுத்து ஹெமினை உடைத்து இரும்பை விடுவிக்கும்; 2 மணி நேர விடையும் 24 மணி நேர விடையும் ஒத்துப்போகாது. அளவு கூடினால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் டிஎன்ஏ சிதைந்து, குறையவேண்டிய பி53 கூடிவிடும். டெஃபெராக்சமினால் இரும்பைப் பறிக்கும் எதிர்ச்சோதனையும் தனியாக நிற்காது. இரும்பு போனால் டிஎன்ஏ உற்பத்திக்கான ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸும் படுத்துவிடும், பி53 அதனாலும் ஏறும். ஹீமை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் 0.5 மில்லிமோலார் சக்சினைல் அசிட்டோன் பொருத்தம். இரும்பைத் தொடாமல் ஹீம் உற்பத்தியை நிறுத்தும். உட்கருவிலிருந்து வெளியேறுகிறதா என்பதற்கு அந்த வெளியேற்றத்தைத் தடுக்கும் லெப்டோமைசின் பி, புரோட்டியசோமில் சிதைகிறதா என்பதற்கு அந்தச் சிதைவைத் தடுக்கும் எம்ஜி132. பி53 உள்ள ஹெச்சிடி116 செல்லையும் அதன் பி53 நீக்கிய ஜோடியையும் சேர்த்தே ஓட்டவேண்டும். கே562 செல்லில் ஹெமின் வேலை நிறைய நடந்திருக்கிறது என்பதற்காக அதை எடுக்கக்கூடாது. அதில் வேலை செய்யும் பி53 கிடையாது.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை சில. மணிப் புட்டியில், ஒரு மில்லிலிட்டர் மணிக்கு எத்தனை மைக்ரோமோல் ஹெமின் என்று எழுதியிருக்கவேண்டும். எழுதாத புட்டியில் இரண்டு தொகுப்புகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லவே முடியாது. பேண்ட் ஒப்பீடு வேண்டுமென்றால் ஒரு வேலை முடியும் வரை ஒரே தொகுப்பு எண்ணில் நிற்கவேண்டும். மணியை உறையவைத்தால் அகரோஸ் உடைந்து ஹெமின் கசியும். 4 டிகிரியில், இருட்டில். ஒரு முறை பயன்படுத்தியதைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்று சில கையேடுகளில் இருக்கும். பி53 மாதிரி ஒட்டினால் கழலாத புரதத்துக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். கிடைப்பதில் சிறிய புட்டியே போதும். ஒரு மாதிரிக்கு 20 மைக்ரோலிட்டர் என்றால், அடியில் படிந்த மணி 1 மில்லிலிட்டரில் 50 மாதிரி ஓட்டலாம். 277 கேள்விக்கு அதற்குள் விடை தெரிந்துவிடும், அல்லது மணியை மூடிவைத்துவிட்டு நிறமாலைக்குப் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும். தூள் வாங்கும்போது ஹெமினா ஹெமாட்டினா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். ஹெமாட்டினில் குளோரைடுக்குப் பதில் ஹைட்ராக்சைடு, எடை 633.5. 1 கிராம் குப்பி இரண்டு மூன்று வருடம் வரும், ஈரம் படாமல் வைத்தால்.